கட்டை போட ஆள்

நான் எஞ்சின் செய்கிறவள். கையில் கிரீஸ் படாது, புகை வராது, காதைப் பொத்திக்கொள்ள வேண்டாம். மதுரை கே.கே. நகரில் ஒரு மூன்றாவது மாடியில் உட்கார்ந்து, ஏசி ரொம்பக் குளிர்ந்தால் துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு, திரையில் எண்களைத் தட்டித் தட்டி எஞ்சின் செய்வேன். சும்மா நிற்கும்போது எத்தனை சுற்று, எந்தச் சுற்றில் இழுவை அதிகம், ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் எவ்வளவு சீக்கிரம் வேகம் தணியும், எல்லாம் என் விரலில்தான். எங்கள் கம்பெனியின் மலைப்பாதை பஸ் விளையாட்டை நீங்கள் ஆடியிருந்தால், ஏற்றத்தில் அந்த பஸ் உறுமிய உறுமல் என்னுடையது. கல்யாண வீட்டில் யாராவது என்ன வேலை என்று கேட்டால் "மெக்கானிக்" என்று சொல்லிவிடுவேன். அதற்குமேல் யாரும் கேட்பதில்லை.

இந்தக் கதையில் துரை என்று ஒருவன் வருகிறான். அவனை ஆள் என்று சொல்லலாமா என்று மற்றவர்கள் சண்டை போட்டுக்கொள்ளட்டும், நான் அப்படித்தான் சொல்வேன். பஸ்ஸைத் தானே ஓட்டும் செயற்கை மூளை அவன். எங்கள் விளையாட்டுக்குள்ளேயே பிறந்து, அதிலிருக்கும் மலைப்பாதையில் லட்சக்கணக்கான தடவை ஏறி இறங்கி ஓட்டக் கற்றுக்கொண்டான். காகிதத்தில் அவனுக்கு வாயில் நுழையாத பெயர் ஒன்று உண்டு. ஆனால் முதன்முதலில் அவன் வளைவில் திரும்பிய தோரணையைப் பார்த்து, எங்கள் கம்பெனியை நடத்தும் பிரிட்டோ அண்ணன், "வந்துட்டாருய்யா தொரை" என்றார். அதுவே நிலைத்துவிட்டது.

விளையாட்டுக்குப் பிறந்தவனுக்கு நிஜ பஸ்ஸில் என்ன வேலை என்று கேட்பீர்கள். கூடல்பாறை என்ற மலையூருக்கு ஓடிக்கொண்டிருந்த ஒரே பஸ்ஸின் டிரைவர் ஓய்வு பெற்றுப் போனார். அவர் இடத்துக்கு யாரும் வரவில்லை. கீழே சமவெளியில் பேட்டரி பஸ்கள் தாமாகவே ஓடுகின்றன. மலையில் அவை பாதி ஏற்றத்திலேயே நாக்குத் தள்ளிவிடும், மேலே சார்ஜ் போடவும் வசதி இல்லை. கடைசியில், பழைய டீசல் பஸ்ஸின் கிளட்சிலும் பிரேக்கிலும் ஸ்டியரிங்கிலும் மோட்டார் பூட்டி, அந்த மலைப்பாதையை அச்சு அசலாக விளையாட்டில் வைத்திருந்த எங்களிடம் போக்குவரத்துக் கழகத்தார் துரையைக் கேட்டார்கள். டிரைவர், கண்டக்டர், கிளீனர் ஒருவரும் கிடையாது. ஆள் இல்லாமல் ஓடினால் அந்தத் தடம் இருக்கும். சோதனை ஓட்டத்தில் தோற்றால் தடத்தையே எடுத்துவிடுவார்கள். அவ்வளவுதான் பேச்சு.

கூடல்பாறையில் என் அக்கா ரேணுகா இருக்கிறாள். எஸ்டேட் குழந்தைகள் காப்பகத்தில் வேலை. சிறுநீரகம் இரண்டும் ஓய்ந்துபோய், வாரத்துக்கு மூன்று தடவை கீழே வந்து டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டியவள். பஸ் நின்றபிறகு ஜீப்பிலும் பால் வண்டியிலும் எவனோ ஒருவனுடைய பைக்கிலும் தொற்றிக்கொண்டு இறங்குவாள். எதுவும் கிடைக்காத நாளும் உண்டு. அப்படித் தவறிப்போன ஒரு நாளுக்கு அடுத்த நாள் வீடியோவில் அவள் முகத்தைப் பார்த்தேன். வீங்கிப்போய், கண் திறக்க முடியாமல் இருந்தாள்.

"கீழ வந்து என்கூட இருக்கா."

"எதுக்குடி வரணும்? என் வேலை இங்க, என் புருசன் இங்க, நான் வச்ச செடி இங்க. நீதான பெரிய எஞ்சின்காரி. பஸ்ஸ மேல அனுப்பு."

அப்போதிருந்தே எனக்கு இது கம்பெனி வேலையாக இல்லாமல் போய்விட்டது.

கோளாறு அடிவாரத்து டெப்போவில் தெரிந்தது. அன்றுதான் துரையை முதன்முதலாக நிஜ பஸ்ஸில் ஏற்றியிருந்தோம். முன்னால் போனான், பின்னால் வந்தான், ஒடித்துத் திருப்பினான், அழகாக நிறுத்தினான். டெப்போ ஆட்கள் கைகூடத் தட்டினார்கள். அப்புறம் பட்டறைக்குப் போகும் சின்ன ஏற்றத்தில் கிளட்சைக் கொஞ்சம் முந்தி விட்டுவிட்டான். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி ஆஃப் ஆகிவிட்டது. எந்த டிரைவருக்கும் நடப்பதுதான். பிரேக்கை மிதித்துத் திரும்ப ஸ்டார்ட் செய்தால் போயிற்று.

துரை அதைச் செய்யவில்லை. ஆக்சிலேட்டரை மிதித்தான். ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் மிதித்தான். வண்டி பைய பின்னால் உருள ஆரம்பித்தது. உருண்டுகொண்டிருக்கும்போதே ஸ்பீக்கரில், "இழுவை கிடைக்கவில்லை. சாலை வழுக்கலாம்" என்று மரியாதையாக அறிவித்தான். கடைசியில் பழைய டயர் குவியலில் போய் மோதி நின்றது. வெயில் மண்டையைப் பிளக்கிறது, தரை எலும்பு மாதிரி காய்ந்து கிடக்கிறது, இவனுக்கு வழுக்குகிறதாம். டெப்போ ஆட்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

பிரிட்டோ அண்ணன் வயரைத் தேடிக்கொண்டு வண்டிக்கடியில் போய்விட்டார். நான் துரையின் பதிவுகளைத் திறந்து பார்த்தேன். எஞ்சின் சுற்று பூஜ்யம் என்று மீட்டர் சரியாகத்தான் சொல்லியிருந்தது. துரை அதை நம்பவில்லை. 'மீட்டர் பழுது' என்று ஒதுக்கிவிட்டான்.

"அண்ணே, வெளிய வாங்க. வயர்ல ஒண்ணும் இல்ல. எஞ்சின் ஆஃப் ஆகும்னே இவனுக்குத் தெரியாது."

"என்னம்மா ஒளர்ற? லட்சம் தடவ மலை ஏறுனவன்."

"லட்சம் தடவையும் நம்ம எஞ்சின்ல ஏறுனான். நம்ம எஞ்சின் எப்பண்ணே ஆஃப் ஆச்சு?"

அவர் தலையில் ஒட்டிய தூசியைத் தட்டாமல் அப்படியே நின்றார். புரிந்துவிட்டது.

எங்கள் மென்பொருளில் ஒவ்வொரு எஞ்சினுக்கும் ஒரு சின்னக் கட்டம் உண்டு. 'ஆஃப் ஆகலாமா?' என்று கேட்கும். டிக் போட்டால் நிஜ வண்டி மாதிரி அது நின்று போகும். விளையாட்டு வந்த புதிதில் டிக் போட்டுத்தான் விட்டிருந்தார்கள். ஏற்றத்தில் வண்டி நின்று போனதும் பிள்ளைகள் கடுப்பாகி, ஒற்றை நட்சத்திரம் கொடுத்துவிட்டு வேறு விளையாட்டுக்கு ஓடினார்கள். அதிலிருந்து டிக்கை எடுப்பது ஆபீஸ் வழக்கமாகிவிட்டது. புது வண்டி என்று உட்கார்ந்தாலே யாருடைய கையும் முதலில் அந்தக் கட்டத்துக்குத்தான் போகும். அப்புறம் என்ன ஆனாலும் சுற்று ஒரு அளவுக்குக் கீழே இறங்காது. சாகாத எஞ்சின். துரை அதில் வளர்ந்தவன். பாவம், அவன் உலகத்தில் பூஜ்யம் என்ற ஒன்று இல்லவே இல்லை.

ஆபீஸுக்குத் திரும்பியதும் டிக்கைப் போட்டேன். போட்டுவிட்டுத் துரையை மறுபடி மலையில் ஏறவிட்டேன்.

விழுந்தான். பதினோராம் வளைவில் ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம், ஏற்றம் சுவர் மாதிரி இருக்கும். முழு ஆட்களோடு அங்கே வண்டி நின்றால் பழைய கை பிரேக் சும்மா பேருக்குத்தான். கால் பிரேக்குக்குக் காற்று வேண்டும். எஞ்சின் ஓடாவிட்டால் காற்று ஏறாது, தொட்டியில் இருப்பது கசிந்து தீரும்வரைதான் தாங்கும். அதற்குள் ஸ்டார்ட் ஆகவில்லையென்றால் பின்பக்கமாகப் பள்ளம்தான். திரையில் துரை விழுந்துகொண்டே இருந்தான். பார்க்க முடியாமல் எழுந்து போய் டீ குடித்துவிட்டு வந்தேன்.

வந்து பார்த்தால் விழுவது நின்றிருந்தது. அட, கற்றுக்கொண்டுவிட்டானே என்று கிட்டே போனேன். அவன் அடிவாரத்து பஸ் ஸ்டாண்டிலேயே நின்றுகொண்டிருந்தான். கிளம்பச் சொன்னால், "இன்று பயணம் பாதுகாப்பாக இல்லை" என்றான். வெயில் வைத்தேன், மழையை எடுத்தேன், ரோட்டில் ஒரு வண்டி இல்லாமல் துடைத்துப் போட்டேன். "இன்று பயணம் பாதுகாப்பாக இல்லை." விழாமல் இருக்க ஒரே வழி போகாமல் இருப்பது என்று கண்டுபிடித்துவிட்டான். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

பிரிட்டோ அண்ணனுக்குச் சிரிப்பு வரவில்லை.

"கௌசி, சோதனை ஓட்டம் பக்கத்துல வந்துருச்சு. டிக்க எடுத்துரு. பழைய தொரை அருமையா ஏறுவான். ஒருக்கா ஏறி எறங்கினாப் போதும், பாஸ்."

"பாஸ் ஆனதுக்கப்பறம்?"

"அப்பறம் பைய சரி பண்ணிக்கலாம்."

"அதுவரைக்கும் அந்த வண்டில யாருண்ணே போவா? எங்க அக்கா போவா. ஒருநா வளைவுல நிக்கும். இவன் மீட்டர் பழுதுன்னு சொல்லி ஆக்சிலேட்டர மிதிப்பான்."

"வண்டியே ஓடலன்னா உங்க அக்கா எப்பிடிம்மா ஆசுபத்திரிக்குப் போவா? அதையும் யோசி."

அவர் கெட்டவர் இல்லை. அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது, அதனால்தான் எனக்குக் கோபம் அதிகமாக வந்தது. பயமறியாத துரையை அனுப்பினால் என்றைக்காவது அக்கா பள்ளத்தில். பயந்த துரையை வைத்திருந்தால் அக்கா வீட்டிலேயே முகம் வீங்கி. இரண்டுக்கும் நடுவே எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை.

மறுநாள் அக்காவுக்கு டயாலிசிஸ். ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கையிலிருந்து குழாய் ஓட, அவள் காலாட்டிக்கொண்டு படுத்திருந்தாள். மாமா சேர்மராஜ் வாசலில் யாரிடமோ ஏலக்காய் விலை பேசிக்கொண்டிருந்தார். நான் எல்லாவற்றையும் கொட்டினேன். துரை ஸ்டாண்டைவிட்டு நகர மாட்டேன் என்கிறான் என்றதும் அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. மெஷின் கத்த ஆரம்பித்து நர்ஸ் வந்து முறைத்துவிட்டுப் போனார்.

"சிரிக்காதக்கா. எனக்கு உசுரு போகுது."

"இல்லடி, அந்த எடத்துல பழைய வண்டியும்தான் நிக்கும். டிரைவர் பிரேக்க மிதிச்சுக்கிட்டு ஒரு சத்தம் குடுப்பாரு. கிளீனர் குதிச்சு ஓடிப் பின்சக்கரத்துக்குக் கட்ட போடுவான். அவன் இல்லாத அன்னைக்கு உங்க மாமா போடுவாரு. கட்ட விழுந்த சத்தம் கேட்டாத்தான் டிரைவருக்கு மூச்சே வரும். இவனுக்கு யாருடி கட்ட போடுவா?"

"யாருமில்ல. வண்டில ஆளே கிடையாது."

"ஏன், நாங்கள்லாம் என்ன? மூட்டையா?"

ஆமாம், மூட்டைதான். எங்கள் விளையாட்டில் பயணி என்றால் ஒரு எடை. எண்ணிக்கையைப் போட்டால் வண்டி அந்த அளவுக்குக் கனக்கும், வளைவில் அந்த அளவுக்குச் சாயும். அவர்களுக்குக் கை கிடையாது, காது கிடையாது. துரைக்குத் தெரிந்த உலகத்தில் அவன் ஒருவன்தான் உயிரோடு இருந்தான், மற்றதெல்லாம் பாரம். தனியாக அந்த வளைவில் மாட்டிக்கொள்ளப் பயந்தான் என்றால் நான்கூடத்தான் பயப்படுவேன்.

ஆபீஸுக்குப் போய் மூட்டைகளுக்குக் காது வைத்தேன். துரை கூப்பிட்டால் கேட்கும். சிலர் எழுந்து இறங்கிப் போய்க் கட்டை போடுவார்கள். எழ எவ்வளவு நேரம், இறங்க எவ்வளவு நேரம், செருப்பு தேடுகிறவர், ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கிறவர், எல்லாம் போட்டேன். அதுவரை சுலபம். கடைசியில் ஒரு எண் மிச்சமிருந்தது. கூப்பிட்டால் ஆள் வருமா? நூற்றுக்கு எத்தனை தடவை வரும்?

பிரிட்டோ அண்ணன் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

"எஞ்சினுக்கு நம்பர் எங்கருந்து எடுக்குறோம்? அது செஞ்ச கம்பெனிக்காரன் குடுக்குற தாள்லருந்து. மனுசனுக்கு எந்தத் தாள்மா இருக்கு?"

"இல்லண்ணே."

"அப்ப பூஜ்யம் போடு. யாரையும் நம்பாத. அதுதான் எஞ்சினியர் புத்தி."

பூஜ்யம் போட்டுப் பார்த்தேன். துரை ஸ்டாண்டிலேயே நின்றான். இருபது போட்டாலும் அதேதான். நாற்பதில் முதல் வளைவுவரை போய்விட்டுத் திரும்பி வந்தான். நூறு போட்டபோது பயமே விட்டுப்போய், எல்லாம் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று தலைதெறிக்க ஓட்டினான். எழுபதில்தான் சரியாக இருந்தான். கவனமாக ஏறினான், வண்டி நின்றால் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஆளைக் கூப்பிட்டான், கட்டை விழுந்தபிறகு ஸ்டார்ட் செய்தான்.

ஆனால் அவனுக்கு வசதியான எண் என்பதற்காக அது உண்மை ஆகிவிடுமா? ரோட்டில் ஒருத்தன் அடிபட்டுக் கிடக்கும்போது சுற்றி நின்று செல்போனில் படம் பிடிக்கிற கூட்டத்தை நானே பார்த்திருக்கிறேன். அக்காவுக்கு போன் போட்டேன்.

"மலைப்பாதைல வண்டி நின்னு, கட்ட போடுங்கன்னு கூப்பிட்டா, நூத்துக்கு எத்தன தடவ ஆள் எறங்கும்?"

"இதெல்லாம் ஒரு கேள்வியாடி? நூறு."

"எப்பிடிச் சொல்ற?"

"எறங்கலைன்னா எல்லாரும்ல சாகணும்? போன வையி, பிள்ளைங்க அழுகுது."

நான் எழுபதை வைத்தேன். அக்காவை நம்பியதில் பாதி, துரைக்காக மீதி. வண்டியின் கடைசி சீட்டுக்கடியில் இரண்டு மரக்கட்டைகளையும் வைக்கச் சொன்னேன்.

சோதனை ஓட்டத்தன்று அடிவாரத்தில் திருவிழாக் கூட்டம். பல மாதங்களாக பஸ்ஸைப் பார்க்காத மலைக்காரர்கள் கீழே வந்து காத்திருந்தார்கள். யாரோ சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்திருந்தார்கள். அக்காவும் டயாலிசிஸ் முடித்துக் கையில் பஞ்சுக் கட்டோடு வந்து, நடுவில் ஜன்னலோரம் பிடித்துவிட்டாள். மாமா கடைசி சீட்டில் சாக்குப்பையோடு உட்கார்ந்தார். சோதனை அதிகாரி அபிதா பேகம் முன்சீட்டில் எனக்குப் பக்கத்தில் இருந்தார். கறாரான பெண்.

"ரூல் ஞாபகமிருக்குல்ல? நடுவுல உங்க கம்பெனி ஆள் யாரும் எதையும் தொடக்கூடாது. வண்டியவிட்டு எறங்கவும் கூடாது. எறங்கினா ஃபெயில்."

"தெரியும் மேடம்."

துரை கிளம்பினான். என் எஞ்சின் சத்தத்தைவிட நிஜச் சத்தம் கொஞ்சம் கரகரப்பு. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவையும் எடுத்துவிட்டு அவன் கியர் மாற்றும்போது நானும் மனசுக்குள் கியர் மாற்றினேன். பின்னால் யாரோ, "ரொம்ப நல்லாத்தான்யா ஓட்டுறான்" என்றார்கள். அக்கா என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள்.

பதினோராம் வளைவில், பாதி ஏற்றத்தில், எதிரே ஒரு ஜீப் வந்துவிட்டது. துரை நிறுத்தி வழிவிட்டான். ஜீப் போனது. அவன் கிளட்சை விட, வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி ஆஃப் ஆனது.

பிரேக்கைப் பிடித்துக்கொண்டான். அதுவரை நல்லது. ஸ்டார்ட்டர் கிர்ரென்று இழுத்தது, பிடிக்கவில்லை. மறுபடி இழுத்தது, பிடிக்கவில்லை. எங்கோ புஸ்ஸென்று காற்று கசிந்துகொண்டிருந்தது. முன்னாலிருந்த காற்று மீட்டரில் முள் மெதுவாக இறங்குவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எஞ்சின் நின்றுவிட்டது. காற்று குறைகிறது. யாராவது இறங்கிப் பின்சக்கரத்துக்குக் கட்டை போடுங்கள்."

ஒருவரும் அசையவில்லை.

திரும்பிப் பார்த்தேன். அவர்கள் கெட்டவர்கள் இல்லை, அந்த முகங்களில் அலட்சியம் இல்லை. எல்லாரும் மரியாதையாகக் காத்துக்கொண்டிருந்தார்கள். ஆளில்லாத வண்டி என்று சொல்லி ஏற்றியிருக்கிறோம். எல்லாம் தானாக நடக்கும் என்று நம்பி உட்கார்ந்திருக்கிறார்கள். "ரெக்கார்டு போட்டிருக்காங்க போல" என்று ஒருவர் பக்கத்திலிருந்தவருக்கு விளக்கினார். மாமாகூடச் சாக்குப்பையைப் பிடித்துக்கொண்டு ஸ்பீக்கரைத்தான் பார்த்தார். இவ்வளவு நாளும் துரை இவர்களை மூட்டை என்று நினைத்தான், இவர்கள் இப்போது துரையைச் சாமி என்று நினைத்துக்கொண்டார்கள்.

வண்டி லேசாகப் பின்னால் நழுவி, பிடித்து நின்றது.

டெஸ்ட் நாசமாய்ப் போகட்டும் என்று பெல்ட்டைக் கழற்றினேன். அபிதா பேகம் என் கையைப் பிடித்தார். அவர் விரல்கள் சில்லிட்டிருந்தன. "நீங்க எறங்கினா..." என்று ஆரம்பித்தார், முடிக்கவில்லை.

அப்போது ஸ்பீக்கர் மறுபடி பேசியது. வழக்கமான அறிவிப்புக் குரல் இல்லை. நான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்த வாக்கியமும் இல்லை. வண்டியில் ஏறுகிற ஆட்களிடமிருந்து பேச்சை அவனே பொறுக்கிக்கொள்வான், அடிவாரத்திலிருந்து கேட்டுக்கொண்டே வந்திருக்கிறான்.

"வாங்களேன். எனக்குக் கை இல்லீங்க."

அக்கா எழுந்து நின்றாள்.

"ஏய்! அவன் கையில்லைங்கிறான், காதுல விழலையா? கைய வச்சுக்கிட்டு நீங்கள்லாம் எதுக்கு ஒக்காந்திருக்கீங்க? யோவ், நீ என்னய்யா பாக்குற? கட்ட ஒன் சீட்டுக்கு அடியிலதான இருக்கு!"

கடைசி வார்த்தைகள் மாமாவுக்கு. மனுஷன் சாக்குப்பையைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கட்டையோடு குதித்தார். அப்புறம் வண்டியே எழுந்தது. பின்வாசல், முன்வாசல் என்று திமுதிமுவென்று இறங்கினார்கள். ஆண்கள் கல்லைப் புரட்டினார்கள், பெண்கள் பிள்ளைகளை ஓரம் கட்டினார்கள், கல்லூரிப் பெண் ஒருத்தி நடுரோட்டில் நின்று துப்பட்டாவை வீசிக் கீழிருந்து வரும் வண்டிகளை நிறுத்தினாள். பின்சக்கரத்தில் கட்டை 'டொம்' என்று விழுந்தது. வண்டி அதில் சாய்ந்து நின்றது. அக்கா சொன்னது சரிதான், எனக்கு அந்தச் சத்தத்தில்தான் மூச்சு வந்தது. அழுதேன் என்று சொல்ல வெட்கமில்லை.

"போட்டாச்சு! ஏறு தொரை!" என்று யாரோ பின்பக்கத் தகரத்தில் தட்டினார்கள்.

துரை அவசரப்படவில்லை. ஸ்டார்ட்டரை நிதானமாக இழுத்தான். மூன்றாம் முறை எஞ்சின் பிடித்துக்கொண்டது. பாரமும் இறங்கிவிட்டதால் வண்டி சுளுவாக ஏறி, வளைவு தாண்டி, சமமான இடத்தில் போய் நின்றது. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தான். எல்லாரும் மூச்சு வாங்க, சிரித்துக்கொண்டு, ஒருவரையொருவர் கேலி செய்துகொண்டு நடந்து வந்து ஏறினார்கள். அக்காவை இரண்டு பெண்கள் தாங்கிக் கூட்டிவந்தார்கள். வண்டி நகரவில்லை.

"கட்டை வந்துருச்சுங்களா?" என்று துரை கேட்டான்.

கடைசியில் மாமா இரண்டு கட்டைகளையும் தோளில் போட்டுக்கொண்டு வந்து ஏறினார். "வந்துருச்சுப்பா. போ, ரைட்டு" என்றார். அதன்பிறகுதான் கிளம்பினான்.

அபிதா பேகம் பேனாவை எடுத்து ரூல் தாளை மறுபடி படித்தார். மேலே ஊர் தெரிய ஆரம்பித்தபோது என் பக்கம் திரும்பினார்.

"உங்க கம்பெனி ஆள் யாரும் எறங்கலைல்ல?"

"இல்ல மேடம்."

"எதையும் தொடலைல்ல?"

"இல்ல."

"அப்ப பாஸ். மொதல்ல பெல்ட்டப் போடுங்க."

பஸ் ஓட ஆரம்பித்தது. அக்கா ஒரு டயாலிசிஸ்கூடத் தவறவிடவில்லை. பிரிட்டோ அண்ணன் விளையாட்டிலும் அந்த டிக்கைப் போட்டுவிட்டார், கூடவே கட்டையும். ஒற்றை நட்சத்திரம் வரும் என்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தோம். பிள்ளைகள் தங்கள் பஸ்ஸை ஓரம் கட்டிவிட்டு, முன்பின் தெரியாத யாரோ ஒருவனுடைய பஸ்ஸுக்குக் கட்டை போட வரிசையில் நிற்கிறார்கள்.

கொஞ்ச நாள் கழித்து பிரிட்டோ அண்ணன் ஒரு புகாரோடு வந்தார்.

"கௌசி, பதினோராம் வளைவுல தொரை தேவையில்லாம ஏதோ அறிவிப்புக் குடுக்குறானாம். எஞ்சின் நிக்கக்கூட இல்லையாம். எங்கயோ பழுதும்மா, பாரு."

பார்த்தேன். நான் போட்ட எழுபது அப்படியே இருந்தது. பக்கத்தில் துரை தானாகக் கற்றுக்கொண்ட எண்கள் இருந்தன. முதல் தடவை கூப்பிட்டால் வருவது, பூஜ்யம். இரண்டாம் தடவை கூப்பிட்டால், நூறு. அதற்குக் கீழே மூன்றாவதாக ஒன்று, நான் எங்கேயும் எழுதாதது. முன்கூட்டியே கேட்டுவைத்தால், நூறு. என்ன கேட்கிறான், யாரிடம் கேட்கிறான் என்று அதில் இல்லை. நேரில் போய்ப் பார்ப்பது என்று கிளம்பினேன்.

அக்காவோடு ஆஸ்பத்திரியிலிருந்தே ஏறிக்கொண்டேன். களைப்பில் அவள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். கடைசி சீட்டில் மாமா கட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நன்றாக ஓடுகிற வண்டியில் எதற்கு என்று கேட்டதற்கு, "இருக்கட்டும் தாயி" என்றார்.

பதினோராம் வளைவு வந்தது. எஞ்சின் சீராக ஓடிக்கொண்டிருந்தது. துரை ஏற்றத்துக்கு முன்பே கியரைக் குறைத்து, வேகத்தைத் தணித்தான்.

"எல்லாரும் இருக்கீங்களா?"

பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். போனைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். "இருக்கோம்!" என்று வண்டி முழுக்கச் சத்தம் வந்தது.

அக்கா கண்ணைத் திறக்கவில்லை. தூக்கத்திலேயே என் தோளில் கன்னத்தைத் தேய்த்துக்கொண்டு, "இருக்கோம்டா, நீ போ" என்றாள்.

துரை ஏற ஆரம்பித்தான். நான் போனை எடுத்து, அந்தப் புகாருக்கு நேரே 'பழுது இல்லை' என்று போட்டு மூடினேன்.